ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் பிடிபடும். மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறீர்கள். போன மாதம் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிடும் ஐசா பரிசோதனையில் மதிப்பெண் 98. அவன் வாயில் வருவது பெரும்பாலும் ஆங்கில எழுத்து, எண், நிறம், வடிவம். அறுகோணத்தைக் காட்டினால் 'ஹெக்ஸகன்' என்கிறான், தாகம் எடுத்தால் உங்கள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான். தெரபி சென்டரில், 'இத்தனை மொழி அவனைக் குழப்புகிறது, வீட்டில் தமிழை விட்டுவிட்டு எல்லோரும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்றிருக்கிறார்கள். எப்படியும் ஸ்கூல் ஆங்கிலம்தானே என்று உங்கள் கணவரும் ஒத்துக்கொண்டார். சங்கரன்கோவிலிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அத்தைக்கு ஆங்கிலம் வராது. அவர் இப்போது பேரனிடம் வாய் திறக்கவே பயப்படுகிறார். தமிழை நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். நாங்கள் தமிழ் பேசியதால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்ற இன்னொரு கேள்வியும் உங்கள் எழுத்தின் அடியில் இருக்கிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மைசூரில் பேச்சு, செவித்திறன் படிப்பை முடித்து, பல வருடங்களாகப் பெங்களூரில் குழந்தைகளுக்கு ஸ்பீச் தெரபி செய்கிறேன். 'ஆங்கிலம் மட்டும்' என்ற அறிவுரையை வாங்கிக்கொண்டு அல்சூரிலிருந்தும் வருகிறார்கள், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் வருகிறார்கள். தமிழர்களுக்கு மட்டும் சொல்வதல்ல, தெலுங்குக் குடும்பத்துக்கும் மலையாளிக்கும் இதேதான். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. ஆகவே பொதுவில் உறுதியாகத் தெரிந்தது எது, அவனைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வீட்டில் இரண்டு, மூன்று மொழி புழங்குவதால் ஆட்டிசம் வருவதில்லை. பேச்சுத் தாமதமும் அதனால் வருவதில்லை. நீங்கள் தமிழ் பேசியது காரணம் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இரண்டு மொழிச் சூழலில் வளர்ந்தால் இன்னும் பின்தங்கிப் போவார்களா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 75 குழந்தைகளை வைத்து 2012இல் வந்த ஆய்வில், இரு மொழி கேட்டு வளர்ந்தவர்களுக்கும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் பேச்சு வளர்ச்சியில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் 2005இலேயே இதைப் பார்த்தார்கள், அங்கும் இரண்டாவது மொழி முதல் மொழியைக் கெடுக்கவில்லை. அதன் பிறகு வெவ்வேறு நாடுகளில் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

இந்த ஆய்வுகளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. பெரும்பாலானவை சிறியவை. குடும்பங்கள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த மொழிகளைப் பின்னால் போய்ப் பார்த்தவை; யாரையும் சீட்டுக் குலுக்கி, நீ ஒரு மொழி, நீ இரண்டு மொழி என்று பிரித்துச் செய்தவை அல்ல. நன்றாகப் பேசுகிற குழந்தை உள்ள வீடுகளே இரண்டாவது மொழியை விடாமல் வைத்திருக்கலாம், அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு. உங்கள் மகனைப் போல நான்கு வயதை நெருங்கியும் கேட்டு வாங்கப் பேசாத குழந்தைகள் இந்த ஆய்வுகளில் குறைவு. வீட்டில் தமிழ், லிஃப்டில் இந்தி, வேலைக்கு வரும் அக்காவிடம் கன்னடம், டேப்லெட்டில் ஆங்கிலம் என்று நம் ஊர்க் குழந்தை கேட்கும் கலவை அவற்றில் இல்லவே இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். வீட்டு மொழியை நிறுத்தினால் ஆட்டிசக் குழந்தைக்குப் பேச்சு சீக்கிரம் வரும் என்று காட்டிய நல்ல ஆய்வு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு குடும்பத்திடம் தாய்மொழியையே விடச் சொல்கிறவர்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

பிறகு ஏன் இதைச் சொல்கிறார்கள்? குழந்தை மூளையில் இடம் குறைவு, ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று நுழையும் என்ற பழைய எண்ணம் எங்கள் தொழிலிலேயே நெடுநாள் இருந்தது. இன்னொன்று, வெளியே சொல்லாத காரணம்: பெங்களூரில் உங்களுக்குக் கிடைக்கும் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர் கையில் உள்ள பரிசோதனைத் தாள், படக் கார்டு, வீட்டுப்பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். குழந்தையும் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டால் அவர் வேலை சுலபம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர் நிலைமை அது. ஒரு வேளை 'ஒரு பொருளுக்கு ஒரே வார்த்தையை எல்லோரும் சொல்லுங்கள்' என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னாரோ என்னவோ. அந்த அளவோடு நின்றால் நானும் ஒத்துக்கொள்வேன்.

என் அனுபவத்தில் பார்த்த நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் வளர்ந்த ஒரு அம்மா, அலுவலகத்தில் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், குழந்தையிடம் ஆங்கிலத்துக்கு மாறியதும் அவர் பேச்சு இரண்டே வகையாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்று கட்டளை: சிட், கம், ஈட், டோன்ட் டச். இன்னொன்று பரீட்சை: வாட் கலர் இஸ் திஸ், வாட் இஸ் தட். அதே அம்மா தமிழில் இருக்கும்போது, 'அச்சோ, விழுந்துடுச்சா? எங்க போச்சு? கட்டிலுக்கு அடியில ஓடிப்போச்சு பாரு' என்று அவன் பார்ப்பதையே தானும் பார்த்து, தன்னை அறியாமல் பேசிக்கொண்டே போவார். குழந்தைக்குப் பேச்சு வளர்வது இப்படி அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசும் பேச்சில்தான். உங்கள் மகனிடம் இப்போது உள்ள வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே பரீட்சைக்கான விடைகள். அவற்றை யாரிடமும் எதையும் கேட்டு வாங்கப் பயன்படுத்த முடியாது. அவனுக்கு வார்த்தை தட்டுப்பாடு இல்லை, இன்னொரு ஆளிடம் அதைச் சொன்னால் காரியம் நடக்கும் என்ற பழக்கம்தான் இன்னும் அமையவில்லை. அதை அமைக்க அவனோடு சலிக்காமல் விளையாடும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரைத்தான் வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள், பருப்புக் கடையும் விளையாட்டு தெரியாத ஆச்சி இருக்க முடியாது. உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாக மடக்கிச் சோறு பங்கு வைத்து, பிறகு 'நண்டு ஊருது, நரி ஊருது' என்று விரல்கள் கையில் ஏறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி முடிகிற விளையாட்டு. தெரபி அறையில் நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும், அடுத்து என்ன என்று குழந்தைக்குத் தெரியும், முடிவில் அவன் விரும்பும் ஒன்று இருக்கிறது. தினமும் ஒரே மாதிரி ஒரு வாரம் விளையாடட்டும். அவனுக்குப் பழகியதும், விரல்கள் முழங்கை வரை ஏறியவுடன் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கட்டும். மனதுக்குள் பத்து எண்ணலாம். 'சொல்லு, சொல்லு' என்று கேட்கக் கூடாது. அவன் நிமிர்ந்து பார்த்தாலோ, கையை முன்னால் நீட்டினாலோ, 'ஊ' என்று ஒரு சத்தம் போட்டாலோ உடனே 'ஊருது!' என்று சொல்லிக் கிச்சுகிச்சு மூட்ட வேண்டும். அந்தப் பார்வையும் அந்த 'ஊ'வும்தான் நமக்கு வேண்டிய பேச்சு. சில குழந்தைகளுக்குத் தொட்டால் பிடிக்காது, கிச்சுகிச்சு என்றால் உடம்பை இழுத்துக்கொள்வார்கள். உங்கள் மகன் அப்படியென்றால் இதை விட்டுவிட்டு, போர்வையில் போட்டு ஆட்டுவது, பந்து உருட்டுவது என்று அவனுக்குப் பிடித்த ஒன்றில் இதே நிறுத்தலை வையுங்கள்.

வீட்டு ஆட்கள் இப்படிச் செய்வதால் பலன் உண்டா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் பெற்றோருக்கு, சிறப்புப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற பணியாளர்களைக் கொண்டு, குழந்தையின் போக்கில் போய்ப் பதில் சொல்லும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு. பெற்றோர் குழந்தையோடு ஒத்துப்போவது கூடியது, குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் கூடாமல் குறைந்தது, ஆகவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாயும் பாட்டியும் செய்வது வெறும் கொஞ்சல், தெரபிஸ்ட் செய்வதுதான் சிகிச்சை என்று நினைக்க வேண்டியதில்லை.

அடுத்து, 'தண்ணி வேணும்னா அவனே என்னைப் பார்த்து, உனக்குத் தண்ணி வேணுமா என்று சில நேரம் கேட்கிறான், இது என்ன கோளாறு' என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு உங்கள் கேள்வியிலேயே மிக நம்பிக்கை தந்த வரி அதுதான். அவன் கோளாறாக எதையும் சொல்லவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் எப்போதும் காதில் விழுவது 'உனக்குத் தண்ணி வேணுமா' என்கிற முழுத் தொடர். அதை அப்படியே எடுத்து, சரியான நேரத்தில் சொல்கிறான். கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்குள்ளும் நோக்கம் இருக்கிறது என்பது 1980களிலிருந்தே எங்கள் துறையில் ஏற்றுக்கொண்ட விஷயம். அவனைத் திருத்தாதீர்கள். 'உனக்கு இல்லடா, எனக்குன்னு சொல்லு' என்றால் அதையும் சேர்த்துத் திருப்பிச் சொல்வான். அதற்குப் பதில் அவன் இடத்தில் நின்று அவன் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள்: டம்ளரைக் காட்டி, 'எனக்குத் தண்ணி வேணும்' என்று அவன் குரலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள். 'வேணுமா' என்ற கேள்வியை வீட்டில் எல்லோருமே குறைத்துக்கொண்டால் நல்லது. கவனியுங்கள், அவன் சொந்தக் காரியத்துக்காக எடுத்துப் பயன்படுத்திய ஒரே வாக்கியம் தமிழில் இருக்கிறது. இத்தகைய குழந்தைகள் முழுத் தொடர்களாகவே மொழியைப் பிடிக்கிறார்கள், அதற்கென்று தனித் தெரபி முறை இருக்கிறது என்று இப்போது யூடியூபில் நிறையச் சொல்கிறார்கள். கவனிப்பு சரிதான், ஆனால் அந்த முறைக்கு இன்னும் உறுதியான ஆதாரம் சேரவில்லை. அதற்கென்று தனியாகப் பெரிய பணம் கட்டாதீர்கள்.

தமிழில் பேசுங்கள் என்றால் வீட்டில் பேசுகிற தமிழ். சிலர் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று 'நீர் வேண்டும்', 'இங்கே வா கண்ணா, அமர்ந்துகொள்' என்று புத்தகத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் அவனுக்கு ஒரு வேற்று மொழிதான். வா, போ, தா, குடு, போதும், வேணாம், இன்னும், தூக்கு, திற இவ்வளவு போதும் இப்போதைக்கு. ஓரசையில் ஏவல் அமைந்த மொழி நம்முடையது, 'தா' என்று சொல்ல வாயில் பெரிய வேலை இல்லை. இந்த ஒன்பது பத்து வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லுங்கள். கன்னடக்காரர் என்றாலும் 'பா'வுக்குப் பதில் 'வா' என்பது அவருக்குக் கஷ்டமில்லை. தெரபிஸ்டுக்கு ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுங்கள், அவரும் தன் அறையில் அதையே சொல்லட்டும். நீங்களும் கணவரும் நடுநடுவே ஆங்கிலம் கலந்து பேசுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெங்களூரில் கலக்காமல் யார் பேசுகிறார்கள்?

கூடவே படங்களையும் தொடங்குங்கள். தண்ணீர் டம்ளரின் போட்டோவை ஃபிரிட்ஜ் கதவில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால், அதை எடுத்துக் கொடுத்துக் கேட்கப் பழகலாம். படத்துக்கு மொழி கிடையாது, ஆச்சியிடமும் செல்லும், டே கேரிலும் செல்லும். படத்தைக் கொடுத்தால் பேசவே சோம்பேறியாகிவிடுவான் என்பார்கள். 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பில், படம், சைகை, கருவி ஆகியவற்றைப் பழகியவர்களில் நம்பத்தகுந்த தரவு உள்ள ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியது. பிறகு டேப்லெட்டுக்குப் போக வேண்டி வந்தால், சென்னையில் உருவான அவாஸ் என்கிற செயலி தமிழிலும் பேசும்.

எப்போது நான் ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன் என்றும் சொல்ல வேண்டும். அப்பா தமிழ், அம்மா பஞ்சாபி, இருவரும் தங்களுக்குள் பேசுவதே ஆங்கிலம்தான் என்ற வீடுகள் இந்த ஊரில் நிறைய. அங்கே வீட்டு மொழி ஆங்கிலம்தான், தமிழைப் புதிதாகக் கொண்டுவர வேண்டியதில்லை. சில குழந்தைகள் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசினாலும் தாங்களாக ஆங்கிலத்தையே பிடித்துக்கொள்வார்கள். அவன் 'வாட்டர்' என்று கேட்டால் உடனே கொடுங்கள், 'தண்ணின்னு சொன்னாத்தான்' என்று நிறுத்தி வைக்காதீர்கள். கொடுக்கும்போது 'இந்தா, தண்ணி' என்றால் போதும்.

அவன் பேசுவானா என்று நேராக நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாப் பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஐசா 98 என்பது 70 முதல் 106 வரையிலான லேசான பிரிவில் வருகிறது. 40 கேள்விகளின் கூட்டுத்தொகை அது, பேச்சு அதில் ஒரு பகுதிதான், ஆகவே அதைக் கொண்டு பேச்சைக் கணிக்க முடியாது. நான்கு வயதில் வார்த்தைகளைச் சேர்த்துப் பேசாத, ஆட்டிசம் உள்ள 535 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் 2013இல் ஒரு ஆய்வு வந்தது. எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பார்த்தபோது 70 சதவீதம் பேர் தொடராகப் பேசினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். பேச்சு தேவைப்படாத புதிர்களில் காட்டும் அறிவும், ஆட்களிடம் காட்டும் ஈடுபாடும் உள்ளவர்களுக்குப் பேச்சு வருவது அதிகமாக இருந்தது. உங்கள் மகன் அந்த 70இல் இருப்பானா என்று நானோ வேறு யாருமோ இப்போது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மாதத்தில் பேச வைக்கிறேன் என்று சொல்கிறவரை இன்னும் நம்பாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் விடுபட்ட ஒன்று என்னை உறுத்துகிறது. காது பரிசோதனை நடந்ததாக எங்கும் இல்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் ஆட்டிசம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். பாட்டுச் சத்தத்துக்கு ஓடி வருகிறானே என்பது ஆதாரம் ஆகாது, சில அலைவரிசைகளில் மட்டும் கேட்காமல் இருக்கலாம், சளியால் நடுக்காதில் நீர் கட்டியிருக்கலாம். சத்தத்துக்குக் காது நரம்பு எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பெரா பரிசோதனையைச் செய்துவிடுங்கள். தூங்க வைத்துச் செய்வார்கள், வலிக்காது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, செவித்திறன் துறை இருக்கிறது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு செவித்திறன் நிறுவனமும் இருக்கிறது, ஒரு நாள் ரயிலில் போய் வரலாம். மற்ற எதற்கும் முன்னால் இது.

டேப்லெட் பார்த்ததால்தான் இப்படி ஆனதோ என்ற சந்தேகத்துக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். திரை பார்ப்பதால் வருவதாக, 'வர்ச்சுவல் ஆட்டிசம்' என்று வாட்ஸ்அப்பில் சொல்வது மருத்துவத்தில் ஏற்ற நோய்ப்பெயர் இல்லை. டேப் பார்த்து ஆட்டிசம் வந்தது என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் டேப் இருக்கும் நேரம் ஆச்சி இல்லாத நேரம், அந்தக் கணக்கில் குறையுங்கள்.

ஸ்கூலைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஆங்கிலம் அவனுக்குத் தேவைப்படும், ஸ்கூலில் நாள் முழுக்கக் காதில் விழவும் செய்யும். அதை வீட்டிலும் இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. பின்னால் மொழிப் பாடங்கள் சுமையானால், மாற்றுத்திறன் சான்றிதழ் உள்ள மாணவர்கள் இரண்டு மொழிக்குப் பதில் ஒரே மொழி படிக்க சிபிஎஸ்இ இடம் தருகிறது. அது பல வருடம் தள்ளி.

இப்போதைய சென்டரை உடனே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிலையான தெரபிஸ்ட் கிடைப்பது இந்த ஊரில் பெரிய விஷயம், குழந்தையும் அவரிடம் பழகியிருக்கிறான். அவருடைய இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) பதிவு எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறில்லை. அடுத்த அமர்வில் நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கதவை மூடிக்கொண்டு நாற்பது நிமிடம் கழித்து டைரியில் ஒரு வரி எழுதிக் கொடுக்கும் இடம் என்றால்தான் மாற்ற யோசியுங்கள். இந்த மூன்று மாதத்துக்கு அவர் வைத்திருக்கும் இலக்கு என்ன என்று கேளுங்கள். நிறம், வடிவம் சொல்ல வைப்பது என்று பதில் வந்தால், 'அது அவனுக்கு ஏற்கெனவே வரும், கேட்டு வாங்குவதை எடுங்கள்' என்று தயங்காமல் சொல்லலாம். அத்தையையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேரனோடு பருப்புக் கடைவதை அந்தத் தெரபிஸ்ட் ஐந்து நிமிடம் பார்த்தால், தமிழை நிறுத்தச் சொன்னதை அவரே திரும்ப யோசிக்கக்கூடும். யோசிக்காவிட்டாலும் நீங்கள் வீட்டில் பேசுங்கள்.